விபத்துக்குப் பிறகு வீடு தேடி வரும் இன்சூரன்ஸ் ஆட்கள்: கையெழுத்துப் போடும் முன்

2022 கடைசியில் எனக்கு ஒரு சாலை விபத்து. டூவீலரில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன், பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளியது, வலது கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு எலும்பும் முறிந்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். விபத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் காரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து இழப்பீடு வாங்க ஏறக்குறைய மூன்று வருடம் மல்லுக்கட்டினேன், அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் தவறிவிட்டார், பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. ஓடியாடிக் கேட்டுச் செய்ய வீட்டில் வேறு ஆள் கிடையாது. கட்டிலில் காலைத் தூக்கி வைத்தபடி, யாராவது இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுத நாட்கள் உண்டு. இன்றைக்கு அதே கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இது.

முதல் சிக்கல் விபத்து நடந்த அன்றே எனக்குத் தெரியாமல் ஆரம்பித்துவிட்டது. என்னை ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனவர் யாரோ ஒரு நல்ல மனிதர், டியூட்டி டாக்டரிடம் "வண்டியிலிருந்து விழுந்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அதில் வண்டி சறுக்கி விழுந்ததாக ஒரு வரி. கார் என்ற சொல்லே இல்லை. நான் அப்போது வலியில் அரை மயக்கம். ஆனால் ஒரு வருடம் கழித்து கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுத்தது அந்த ஒரு வரியைத்தான், "தானா விழுந்தவங்க, எங்க கார் மேல பழி போடுறாங்க" என்று. அதனால் அடிபட்டவரோடு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வண்டி மோதியது, தெரிந்தால் அதன் நம்பர், எந்த இடம், இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். ஏற்கெனவே தப்பாக எழுதியிருந்தால், போலீஸில் கொடுக்கும் வாக்குமூலத்திலாவது நடந்ததைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்தக் காரை ஆய்வு செய்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. காரின் முன்பக்க இடது பம்பர் உடைந்திருப்பதாக அதில் இருந்தது. அத்தோடு எதிரில் இருந்த டீக்கடைக்காரர் சாட்சி சொல்லவும் வந்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காரை ஓட்டியவரின் உறவினர்கள் ஆப்பிள் பையோடு வந்தார்கள். "கேஸ் எதுக்குக்கா, பையனுக்கு வேலைக்குப் பிரச்சனை ஆயிடும், செலவுக்கு இருபத்தஞ்சாயிரம் வச்சுக்கோங்க" என்றார்கள். எனக்கும் அந்தப் பையனைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் கேட்பது ரொம்பக் கஷ்டம். இழப்பீடு கொடுப்பது அந்தப் பையன் கையிலிருந்து இல்லை, அவர் பிரீமியம் கட்டிய கம்பெனிதான். மூன்றாம் நபர் காப்பீட்டை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கி வைத்திருப்பதே இதற்காகத்தான். அதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லி அனுப்பினேன். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 338 பிரிவுகளில் வழக்குப் பதிவானது, 2024 ஜூலை முதல் நடக்கும் விபத்துகளுக்கு அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 என்று வரும். எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் வண்டி நம்பர், தேதி, நேரம், உங்கள் பெயர், காயம் எல்லாம் சரியா என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஒரு எண் மாறியிருந்தாலும் பின்னால் அலைய வேண்டும். மோதிய வண்டிக்கு எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் என்று போலீஸ் சொல்லும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் கம்பெனி பெயரும் பாலிசி எதுவரை செல்லும் என்பதும் தெரிந்துவிடும். என் மகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள்.

இதற்கு நடுவில் வார்டுக்கே ஒரு ஆள் வந்தார். தான் ஒரு வக்கீலின் ஆள், ஒரு பைசா கொடுக்க வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருகிற பணத்தில் முப்பது சதவீதம் மட்டும் போதும் என்றார். வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் பேனாவை மூடி கழற்றியே நீட்டினார். வருகிற இழப்பீட்டில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படியே வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டது. அது அப்போது எனக்குத் தெரியாது, படுக்கையில் இருப்பவரிடம் இவ்வளவு அவசரமாகக் கையெழுத்துக் கேட்கிறாரே என்ற பயத்தில்தான் மறுத்தேன். அவருக்கு என் பெயர், காயம், கார் நம்பர் எல்லாம் எப்படித் தெரிந்தது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இனி இன்சூரன்ஸ் கம்பெனி விசாரிக்க அனுப்பிய இன்வெஸ்டிகேட்டர் கதை. வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்து ஒரு தம்பி வந்தார். நல்ல சட்டை, கையில் ஃபைல், மரியாதையான பேச்சு. "அக்கா, இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வர்றேன், உங்க கிளைம் சீக்கிரம் முடியணும்னா ஒரு சின்ன ஸ்டேட்மென்ட் வேணும்" என்றார். நமக்கு உதவத்தான் வந்திருக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அம்மா காபி போட்டுக் கொடுத்தார். அவர் பேச்சோடு பேச்சாகக் கேள்வி கேட்பார், கோடு போட்ட தாளில் அவரே எழுதிக்கொள்வார். மாதம் எவ்வளவு வருமானம், லைசென்ஸ் இருக்கிறதா, ஹெல்மெட் போட்டிருந்தீர்களா, இதற்கு முன் காலில் ஏதாவது பிரச்சனை உண்டா, சர்க்கரை உண்டா, இப்போது எப்படி இருக்கிறது. "பரவாயில்லப்பா" என்றேன். நம் ஊரில் யார் நலம் விசாரித்தாலும் வாயில் தானாக வருகிற பதில் அது. எழுதி முடித்துவிட்டு, கீழே ஒரு கையெழுத்து போடுங்கள் அக்கா என்று தாளை நீட்டினார். வாங்கிப் படித்தேன். "தற்போது பூரண நலமாக உள்ளேன்" என்று இருந்தது. அதற்கு மூன்று வரி மேலே, "நானும் பின்னால் வரும் வாகனத்தைக் கவனிக்காமல் சற்று வலதுபுறமாகத் திரும்பியதால்" என்று இருந்தது. நான் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. வருமானம் என்ற இடத்தில் நான் சொன்ன பதினெட்டாயிரம் இல்லை, "சுமார் 7,000" என்று இருந்தது. கை நடுங்கியது. என் வீட்டில் உட்கார்ந்து, என் அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டே ஒருவரால் இப்படி எழுத முடியுமா என்று இருந்தது. "தம்பி, நான் சொல்லாததெல்லாம் எழுதியிருக்கீங்க, இதுல கையெழுத்து போட மாட்டேன்" என்றேன். "இது சும்மா ஃபார்மாலிட்டிக்கா, போடலைன்னா கிளைம் லேட் ஆகும்" என்றார். ஆகட்டும் என்றேன். ஒரிஜினல் பில்களைக் கேட்டார், அதையும் கொடுக்கவில்லை.

அந்த ஒரு வரி என்ன செய்திருக்கும் என்று பிறகு எனக்குக் கிடைத்த வக்கீலம்மா சொன்னார். கவனிக்காமல் திரும்பினேன் என்று நானே ஒப்புக்கொண்டால், விபத்தில் எனக்கும் இத்தனை சதவீதம் பங்கு என்று சொல்லி அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைத்துவிடுவார்கள். பூரண நலம் என்றால் நிரந்தர ஊனம் என்று பிறகு கேட்க முடியாது. இந்த இன்வெஸ்டிகேட்டர் போலீஸும் இல்லை, அரசு அதிகாரியும் இல்லை. கம்பெனி சம்பளம் கொடுத்து அனுப்புகிற தனியார் ஆள். வழக்கை விசாரிக்கும் காவல் அதிகாரிக்குத்தான் நாம் விவரம் கொடுத்தாக வேண்டும். எதிர்த்தரப்புக் கம்பெனி ஆள் எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. வந்தால் மரியாதையாக உட்கார வையுங்கள், எல்லாம் வக்கீல் மூலமாகத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். நடக்கிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாலும் வேண்டாம். வெற்றுத்தாளில், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து, கேன்சல் செய்த செக், பாஸ்புக் இதெல்லாம் செட்டில்மென்ட் முடிவான பிறகு பேச வேண்டிய சமாச்சாரம். மெடிக்ளெய்ம் வைத்திருந்து அங்கே ஒரிஜினல் பில் கொடுக்க வேண்டியிருந்தால், கொடுக்கும் முன் மருத்துவமனையில் முத்திரை போட்ட நகல் ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போன். கம்பெனி அதிகாரி ஒருவர் பேசினார். "மேடம், கோர்ட்டு கேஸுன்னு போனா நாலஞ்சு வருஷம் ஆகும், நாங்க ரெண்டு லட்சம் தர்றோம், பதினஞ்சு நாள்ல செக்." எனக்கு ஆஸ்பத்திரி பில் மட்டும் 1,86,000 ஆகியிருந்தது, நகையை அடகு வைத்து, குழுவில் கடன் வாங்கிக் கட்டியிருந்தேன். கடை பூட்டிக் கிடந்தது. பதினைந்து நாளில் இரண்டு லட்சம் என்றதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. எழுத்தில் கொடுங்கள் சார் என்று கேட்டேன், முதலில் நீங்கள் சரி என்று சொல்லுங்கள் என்றார். அந்த இடத்தில்தான் மனது தடுத்தது. எழுத்தில் தர முடியாத தொகைக்கு நான் மட்டும் எழுத்தில் ஏன் சம்மதம் தர வேண்டும்?

நேராக மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு, வாக்கரோடு ஆட்டோ பிடித்துப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அங்கே எனக்கு ஒரு வக்கீலம்மாவை நியமித்தார்கள். இரண்டு லட்சம் என்றதைக் கேட்டதும் அவர் சொன்னது இது. எலும்பு முறிந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம். கொடுங்காயத்துக்கு, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் இரண்டரை லட்சம் உண்டு, உயிரிழப்பு என்றால் ஐந்து லட்சம். 2022 ஏப்ரல் முதல் இதுதான் நடைமுறை. ஆக, எனக்குச் சலுகை போலச் சொன்ன தொகை, எந்த வாதமும் இல்லாமல் கிடைக்க வேண்டிய தொகையை விடவும் குறைவு. இன்னொன்றும் சொன்னார், அதை எல்லோரும் கவனிக்க வேண்டும். கம்பெனியோடு சமரசம் செய்து 164இன் கீழ் பணத்தை வாங்கிவிட்டால், 166ஆம் பிரிவில் முழு இழப்பீடு கேட்டுப் போடும் மனு காலாவதியாகிவிடும். இரண்டையும் வாங்க முடியாது. முறையான சமரசம் என்றால் அது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பதிவாகும், பதிவான 30 நாளில் பணம் வர வேண்டும். போனில் பேசி, வீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்குவது அந்த வழி இல்லை.

காலக்கெடு ரொம்ப முக்கியம். 166இல் மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று 2019 திருத்தத்தில் கொண்டுவந்து, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன, இருந்தாலும் அதை நம்பி உட்காராதீர்கள். இன்வெஸ்டிகேட்டரும் அதிகாரியும் மாறி மாறிப் பேசி என்னைக் காத்திருக்க வைத்தது எல்லாம் இந்த ஆறு மாதத்துக்குள்தான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. விபத்து எங்கோ வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். எம்.சி.ஓ.பி. என்று ஒரு எண் தருவார்கள், அதுதான் உங்கள் வழக்கு எண்.

வழக்கில் நான் பட்ட பெரிய பாடு வருமானத்தை நிரூபிப்பது. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு சான்றிதழ் போதும், என்னைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது? அளவு எழுதும் நோட்டுகள், நூல், லைனிங் வாங்கிய பில், கடை வாடகை ரசீது, ஜிபேயில் வந்த பணம் தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட், குழுக் கடன் தவறாமல் கட்டிய பாஸ்புக், எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். பதினெட்டாயிரம் என்று கேட்டதற்குக் கடைசியில் பன்னிரண்டாயிரம் என்றுதான் கணக்கில் எடுத்தார்கள். எனக்கு அதில் மனக்குறைதான், ஆனால் அந்த நோட்டுகள் இல்லாவிட்டால் ஏழாயிரத்தில் நின்றிருக்கும். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வரவு செலவை பேங்க் வழியாகக் கொஞ்சமாவது காட்டி வையுங்கள்.

அப்புறம் மெடிக்கல் போர்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், டாக்டர்கள் கணுக்காலை மேலும் கீழும் மடக்கிப் பார்த்து, எக்ஸ்ரே பார்த்து, 28 சதவீதம் ஊனம் என்று கொடுத்தார்கள். கம்பெனி தரப்புக் கணக்கு உடனே தயார். ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய், 28க்கு 1,40,000. எலும்பு முறிவு வழக்குகளில் நம் ஊர் நீதிமன்றங்களில் இப்படிக் கணக்குப் போடுவது சகஜம்தான். ஆனால் அது வேலை பாதிக்கப்படாதவர்களுக்கான கணக்கு. உடலில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அதனால் உங்கள் தொழிலில் எவ்வளவு சம்பாத்தியம் போகிறது என்பது வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே கணுக்கால் உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்கு ஒன்று, தையல்காரிக்கு இன்னொன்று. குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல், "இப்பவும் கடை நடக்குதுல்ல?" என்று கேட்டார். நடக்கிறது, ஆனால் மெஷினில் உட்காருவது நான் இல்லை, பீஸுக்கு இவ்வளவு என்று கொடுத்து ஒரு பெண்ணை வைத்துத் தைக்கிறேன், நான் வெட்டுவதும் அளவெடுப்பதும் மட்டும்தான் என்றேன். மோட்டார் வைத்துக்கொள்ளலாமே என்றார். மோட்டாரையும் வலது காலால்தான் அழுத்த வேண்டும். ஒரு ஜாக்கெட் கைக்கு மடிப்பு அடிக்கும்போது வேகத்தைக் கூட்டிக் குறைப்பது முழுக்கக் கணுக்காலில் இருக்கிறது, என் கணுக்கால் ஒன்று மொத்தமாக அழுத்துகிறது, இல்லை மொத்தமாக விடுகிறது, துணி கோணிப் போகிறது. இதை அங்கேயே காலை நீட்டிக் காட்டிச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த கூலி எழுதிய நோட்டும் ஆதாரமாகச் சேர்ந்தது. உங்கள் தொழில் எதுவானாலும், எந்த அசைவு இல்லாமல் எந்த வேலை நிற்கிறது என்று இப்படித் துல்லியமாகச் சொல்லுங்கள். "முன்ன மாதிரி வேலை செய்ய முடியல" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வருமானம் 12,000. நாற்பது வயதுக்குக் கீழ் உள்ள சுயதொழில்காரருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும், உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி. அப்போது 16,800. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 2,01,600. விபத்தின்போது எனக்கு வயது 38, உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 36 முதல் 40 வயது வரை பெருக்கல் எண் 15, வருட வருமானத்தை அதால் பெருக்க வேண்டும். சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம்தான் போனது என்று வைத்தாலே 6,04,800 வருகிறது. கம்பெனி சொன்ன 1,40,000 எங்கே, இது எங்கே. இதற்கு மேல் மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், துணைக்கு இருந்தவருக்கான தொகை, ஆட்டோ செலவு, சத்துணவு, வலி வேதனைக்கு என்று தனித்தனித் தலைப்புகள் உண்டு. பிசியோதெரபிக்குப் போன ஆட்டோ செலவு வரை தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன், ஒன்றும் வீண் போகவில்லை.

கடைசியில் லோக் அதாலத்தில், அதாவது இரு தரப்பும் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. கம்பெனி நாலரை லட்சத்தில் ஆரம்பித்தார்கள், வக்கீலம்மா இந்தக் கணக்கைத் தாளில் போட்டு எதிரே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். 8,25,000க்கு வந்தார்கள். தீர்ப்பு வரை போயிருந்தால் வட்டியோடு இன்னும் கூடக் கிடைத்திருக்கலாம், பிறகு அவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போனால் இன்னும் சில வருடம். அடகு நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது, நான் சரி என்றேன். காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருக்கலாம், அது அவரவர் வீட்டு நிலைமை. ஆனால் லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது, அதனால் பேச உட்காரும் முன்பே எல்லாத் தலைப்பும் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது பிளேட் எடுக்கும் ஆபரேஷன் செலவு. எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம், பின்னால் அதை எடுக்க வேண்டும், தோராயமாக 60,000 ஆகும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி முன்பே மனுவோடு சேர்த்திருந்தோம். இன்னும் எடுக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், அந்தப் பணத்தைத் தனியாக டெபாசிட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.